உங்கள் கதையின் ரெஸ்லிங் நாயகனுக்கு காப்பிரைட்டும் டிரேட்மார்க்கும் வாங்குவது எப்படி?

காமிக்ஸிலோ நாவலிலோ மொபைல் கேமிலோ ஒரு ரெஸ்லிங் நாயகனைப் படைத்துவிட்டு, அவரை முறைப்படி தங்கள் பெயரில் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் காமிக்ஸ் நாயகன் பெயர் பூட்டு பொன்னையா. திண்டுக்கல்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. கயிற்றின் மேலேறிப் பறக்க மாட்டார், நாற்காலியைத் தூக்க மாட்டார். எதிராளியின் ஒரு மூட்டைப் பிடித்தாரென்றால் ஆட்டம் முடியும்வரை அந்த மூட்டை விடமாட்டார். பழைய பாணி டெக்னிக்கல் ரெஸ்லர்.

அவரைப் பதிவு செய்யக் கிளம்பியபோது வேண்டிய தகவல் எதுவும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. விசாரித்த ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். இணையத்தில் இருந்ததெல்லாம் கம்பெனி லோகோவுக்கான விளக்கம். கதாபாத்திரத்துக்கு அதில் பாதி பொருந்தாது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே சொல்லும் கட்டணங்கள் எல்லாம் இந்திய அரசுக் கட்டணங்கள், ஆன்லைனில் கட்டும் தொகை. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டு படிகளின் அடிப்படை பொருந்தும். மீதிக்கு அந்தந்த நாட்டு அலுவலகம்தான்.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். காப்பிரைட் வேறு, டிரேட்மார்க் வேறு. நீங்கள் எழுதியதையும் வரைந்ததையும் காப்பது காப்பிரைட். பெயரையும் சின்னத்தையும் காப்பது டிரேட்மார்க். 'பூட்டு பொன்னையா' என்ற இரண்டு சொல்லுக்குக் காப்பிரைட் கிடைக்காது. பொன்னையா ஆடும் ஒரு முழு ஆட்டத்தின் வருணனைக்கு டிரேட்மார்க் கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வேலை.

1. முதலில் பாத்திரக் கோப்பு

காசு செலவில்லாத படி இது. ஆனால் மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

சட்டம் வெறும் யோசனைக்குப் பாதுகாப்பு தராது. அந்த யோசனையை நீங்கள் எழுத்திலும் கோட்டிலும் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் தரும். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. டெக்னிக்கல் ரெஸ்லரைப் படைத்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். முகமூடி, முகச்சாயம், சிறகு வைத்த அங்கி என்று வருகிற நாயகனுக்குத் தோற்றத்திலேயே தனித்தன்மை இருக்கிறது. கறுப்பு டிரங்க்ஸும் பூட்ஸும் போட்டுக்கொண்டு எதிராளியின் தலையைக் கையால் வளைத்து ஹெட்லாக் பிடிக்கிறவருக்கு என்ன தனித்தன்மை? ஹெட்லாக் யாருக்கும் சொந்தமில்லை. சூப்ளெக்ஸ், ஹேமர்லாக், ஃபிகர் ஃபோர், பாஸ்டன் கிராப் என்ற மற்றப் பிடிகளும் வீச்சுகளும் எல்லாமே பொதுச்சொத்து. 'நேர்மையான, அமைதியான, பிடிகளில் கெட்டிக்கார வீரர்' என்று மட்டும் எழுதி வைத்தால் அப்படிப்பட்டவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். அதை வைத்து யாரையும் தடுக்க முடியாது.

நுணுக்கமாக எழுதினால்தான் பாத்திரம் உங்களுடையதாகும். கதாபாத்திர வழக்குகளில் நீதிமன்றம் பார்ப்பதும் நுணுக்கங்களைத்தான். நாகராஜ் என்ற இந்திக் காமிக்ஸ் நாயகனைப் போலவே பச்சை உடம்பும் பாம்புமாக நாகேஷ் என்று இன்னொரு பதிப்பகம் கொண்டுவந்தபோது, டெல்லி உயர் நீதிமன்றம் பெயர், தோற்றம், சக்தி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நாகராஜ் பக்கம் நின்றது. உங்கள் நாயகனையும் யாரோ ஒருநாள் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்ற நினைப்போடு கோப்பை எழுதுங்கள்.

என் கோப்பிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். பொன்னையாவின் வலது காது மட்டும் நசுங்கித் தடித்த காலிஃபிளவர் காது. பகலில் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவர் என்பதால் ஆள்காட்டி விரலின் உட்புறம் காய்ப்பு ஏறியிருக்கும். ஆட்டத்துக்கு முன் எதிராளிக்குக் கை கொடுப்பார். அந்தக் கைகுலுக்கலிலேயே அவன் மணிக்கட்டு எந்தப் பக்கம் விறைக்கிறது என்று பார்த்துவிடுவார். எதிராளி கயிற்றைத் தொட்டுவிட்டால் நடுவர் ஐந்து எண்ணும்வரை பிடியை இழுத்துப்பிடிக்க விதி இடம் தருகிறது. பொன்னையா எப்போதும் இரண்டிலேயே விட்டுவிடுவார். இந்த மாதிரி விஷயங்கள் பத்துப் பதினைந்து வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இவை சின்ன விஷயங்கள். எல்லாம் சேர்ந்துவிட்டால் வேறொருவரும் தற்செயலாக இதே ஆளைப் படைத்துவிட முடியாது.

அடுத்து, குறைந்தது ஒரு முழு ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை எழுதி வையுங்கள். பிடிகள் பொதுவானவை என்றாலும் அவை எந்த வரிசையில், என்ன காரணத்துக்காக வருகின்றன என்பது உங்களுடைய எழுத்து. டெக்னிக்கல் பாணியின் உயிரும் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. பொன்னையா ஆட்டத்தில் முதலில் ஒருவர் கழுத்தையும் முழங்கையையும் மற்றவர் பற்றும் காலர் அண்ட் எல்போ பிடி. அதிலிருந்து எதிராளியின் இடது மணிக்கட்டை முறுக்குகிறார். அவன் திமிறித் திரும்ப, அந்தக் கையையே முதுகுக்குப் பின்னால் மடக்கி ஹேமர்லாக். கீழே இறக்கி, முழங்கை மேல் முட்டியை வைக்கிறார். பத்து நிமிடம் கழித்து எதிராளி அவரைத் தூக்கி அடிக்க முயலும்போது இடது கை எடை தாங்காமல் நழுவ வேண்டும். வாசகர் அந்தப் படத்தைப் பார்த்ததும் முதல் பக்கத்து மணிக்கட்டு முறுக்கு நினைவுக்கு வர வேண்டும். கடைசிப் பிடியான 'பெட்டிப் பூட்டு', கேட்ச் ரெஸ்லிங் என்ற பழைய மல்யுத்த முறையில் டபுள் ரிஸ்ட்லாக் என்பார்களே, அதையே உட்கார்ந்த நிலையில் போடுவது. ஒரு கையால் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து, மறு கையை அவன் மேற்கையைச் சுற்றி நுழைத்துத் தன் மணிக்கட்டையே பற்றிக்கொள்வார். எந்தக் கை எதன் மேல் என்பதுவரை கோப்பில் இருக்க வேண்டும்.

பக்கம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க, ஜப்பானிய ரிங்கில் பெரும்பாலும் இடப்பக்கத்தைத்தான் பிடிப்பார்கள். மெக்சிகோ பாணி ரெஸ்லிங்கான லுச்சா லிப்ரேவில் மரபாக வலப்பக்கம். மூன்றாம் பக்கத்தில் இடது கையை முறுக்கிவிட்டு ஏழாம் பக்கத்தில் எதிராளி வலது கையைப் பிடித்துக்கொண்டு துடித்தால் கதை அங்கேயே விழுந்துவிடும்.

எந்த விதியில் ஆடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். ரிங்குக்கு வெளியே போனவர் திரும்பிவர அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-யில் 10 எண்ணுவார்கள், ஜப்பானிய நிறுவனமான நியூ ஜப்பானில் 20. பழைய பிரிட்டிஷ் முறையில் ரவுண்டு கணக்கு உண்டு; மூன்றில் இரண்டு வெற்றி வேண்டும்; பொது எச்சரிக்கை மூன்று வாங்கினால் ஆட்டம் போச்சு. டெக்னிக்கல் நாயகனுக்குப் பிரிட்டிஷ் முறை மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். ரவுண்டு இடைவேளையில் அவர் எதிராளியின் கையையே பார்த்துக்கொண்டிருப்பதை வரைய ஒரு கட்டம் கிடைக்கும்.

இந்தப் படியில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் மூன்று:

பிரெட் ஹார்ட், பில்லி ராபின்சன், ஜானி செயின்ட், பிரையன் டேனியல்சன், சாக் சேபர் ஜூனியர் போன்ற டெக்னிக்கல் ரெஸ்லர்களின் ஆட்டங்களைப் பார்த்துப் பிடிகளைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் இளஞ்சிவப்பும் கறுப்புமாக உடை, கண்ணாடி, தோல் ஜாக்கெட் என்று ஒருவரின் தோற்றத்தை அப்படியே எடுத்தால் அது உங்கள் பாத்திரம் ஆகாது.

ஆட்டப் புகைப்படங்களை வைத்து டிரேஸ் செய்யாதீர்கள். புகைப்படத்துக்குத் தனிக் காப்பிரைட் உண்டு. உள்ளூர் மல்யுத்தப் பயிற்சிக் கூடத்திலோ ஜூடோ வகுப்பிலோ இரண்டு பேரிடம் அனுமதி கேட்டு, பிடிகளைப் போடச் சொல்லி நீங்களே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியைக் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிவிடுங்கள்.

கோப்பைத் தனக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது பதிவுக்கு ஈடாகாது. தேதியுள்ள வரைவுகளையும் மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். துணைச் சான்றாக உதவும்.

2. ஓவியரோடு எழுத்து ஒப்பந்தம்

நீங்களே எழுதி நீங்களே வரைகிறவர் என்றால் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் ஓவியர் பேனா எடுக்குமுன் இதை முடித்துவிடுங்கள். ஓவியர் நண்பர், உறவுக்காரர் என்றாலும்தான். நல்ல உறவில் இருக்கும்போது பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, புத்தகம் விற்கத் தொடங்கிய பிறகு எளிதில் முடியாது.

காசு கொடுத்து வரையச் சொன்னதாலேயே ஓவியம் உங்களுடையதாகிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். காப்பிரைட் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அதற்கு இடம் இருந்தாலும் எல்லா வகை ஓவியத்துக்கும் அது பொருந்துமா என்பது வாதத்துக்கு உரியது. 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் இவை எல்லாம் இருக்கட்டும்: எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எத்தனை ஆண்டுகள், எந்தெந்த நாடுகள், எவ்வளவு தொகை அல்லது ராயல்டி.

இதில் விட்டுப்போனால் சட்டமே நிரப்பிக்கொள்ளும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஆண்டு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். இலங்கை, சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு விற்க நினைக்கிறவர்கள் 'உலகம் முழுவதும்' என்று எழுதியே ஆக வேண்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். காமிக்ஸ் வேலை ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம். அதனால் '19(4) பிரிவின் ஓராண்டுக் கெடு இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஓவியரின் பெயர் புத்தகத்தில் வர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். உரிமையை மாற்றிக் கொடுத்தாலும் படைத்தவர் என்ற அடையாளம் 57-ஆம் பிரிவின்படி அவருடையதுதான். அதை மதிப்பதுதான் முறை.

தமிழ்நாட்டில் ஒப்பந்த முத்திரைத்தாள் 200 ரூபாய். பழைய 20 ரூபாய்த் தாளில் எழுதிக் கொண்டுபோகாதீர்கள். 2024-இல் கட்டணம் மாறிவிட்டது. இரண்டு சாட்சி வையுங்கள். கூடவே, 'இந்த ஓவியத்தை இன்னார் பெயரில் பதிவு செய்ய எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று ஓவியரிடம் தனியாக ஒரு என்ஓசி வாங்கிவிடுங்கள். காப்பிரைட் விண்ணப்பத்தில் இதைத்தான் கேட்பார்கள்.

3. பெயர் தேடல்

பெயர் மனத்தில் பதிந்த அன்றே அரசின் ஐபி இந்தியா தளத்தின் டிரேட்மார்க் பொதுத் தேடலுக்குப் போங்கள். கட்டணம் இல்லை. சொல்லாகத் தேடலாம், ஒலிப்பு ஒற்றுமையில் தேடலாம். சரக்குகளையும் சேவைகளையும் எண் போட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒவ்வொரு வகுப்பாகத் தேட வேண்டும்.

தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கு இங்கே வேலை அதிகம். நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் உண்டு. 'பூட்டு' என்பதை மட்டுமே நாலைந்து விதமாக எழுதலாம். எல்லாக் கூட்டலிலும் தேடிவிடுங்கள், அதன் பொருளுக்கான ஆங்கிலச் சொல்லையும் இந்திச் சொல்லையும் சேர்த்து. ஒரு கூட்டலில் மட்டும் தேடி 'காலியாக இருக்கிறது' என்று அட்டை அச்சடித்துவிட்டால் பிறகு சிரமம்.

உண்மையான வீரர்களின் பெயரைத் தொடாதீர்கள். டிரேட்மார்க் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, உயிரோடிருப்பவரோடோ, விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 20 ஆண்டுகளுக்குள் இறந்தவரோடோ தொடர்பு இருப்பதாகத் தோன்றவைக்கும் பெயருக்குச் சம்மதக் கடிதம் கேட்கலாம். மல்யுத்த வீரர் தாரா சிங் 2012-இல் மறைந்தார்; ஆக 2032 வரை அந்தக் கணக்கு ஓடுகிறது. டபிள்யூடபிள்யூஇ தன் வீரர்களின் மேடைப் பெயர்களைப் பல நாடுகளில் டிரேட்மார்க்காகப் பதிந்து வைத்திருக்கிறது. பிரெட் ஹார்ட்டின் 'ஹிட்மேன்' போன்ற பட்டப்பெயர்களைத் தமிழாக்கிச் சேர்ப்பதும் வேண்டாத வம்பு.

ஊர்ப் பெயரிலும் யோசியுங்கள். பொன்னையாவுக்குத் 'திண்டுக்கல் பூட்டு' என்றே பட்டம் வைத்திருக்கலாம். காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அது அந்த ஊர்ப் பட்டறைக்காரர்களின் உரிமை. ஊர்ப் பெயரைத் தனி ஒருவரின் குறியாகக் கேட்டால் 9-ஆம் பிரிவிலும் ஆட்சேபம் வரும். அதனால் ஊரைக் கதைக்குள் வைத்துக்கொண்டேன், பெயரில் வைக்கவில்லை.

'டெக்னிக்கல் வீரன்', 'மல்யுத்த மன்னன்' மாதிரியான பெயர்களும் தேறாது. தொழிலை விவரிக்கிற சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

4. காப்பிரைட் விண்ணப்பம்

காப்பிரைட் பிறப்பது படைப்பு எழுதப்பட்ட நொடியில், பதிவு கட்டாயமில்லை. பிறகு ஏன் பதிவு என்றால், 48-ஆம் பிரிவின்படி பதிவேட்டில் உள்ளது முதல்நிலைச் சான்று. தகராறு வந்தால் நிரூபிக்கும் சுமை பெருமளவு எதிராளி பக்கம் போய்விடும். காப்பிரைட்டுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளிலும் உங்கள் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை நீடிக்கும்.

அலுவலகம் டெல்லி துவாரகாவில் இருக்கிறது. நேரில் போகத் தேவையே இல்லை; காப்பிரைட் அலுவலக இணையதளத்தில் கணக்குத் தொடங்கி 14-ஆம் எண் படிவத்தை நிரப்புங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாத்திரக் கோப்பும் கதையும் ஒரே பிடிஎஃப்-ஆக, பாத்திர ஓவியங்கள் தனிக் கோப்பாக, கையொப்பத்தின் ஸ்கேன், ஆதார் போன்ற அடையாளச் சான்று, ஓவியரின் என்ஓசி, வெளியான படைப்பென்றால் வெளியான ஆண்டும் நாடும், பதிப்பாளர் வேறொருவர் என்றால் அவரது என்ஓசி, வக்கீல் மூலம் போட்டால் அதிகாரப் பத்திரம்.

ஒரு படைப்புக்கு ஒரு விண்ணப்பம். எழுத்து 'இலக்கியப் படைப்பு', கட்டணம் 500 ரூபாய். ஓவியம் 'கலைப் படைப்பு', அதற்கு இன்னொரு 500. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் போட்டால் திருப்பிக் கேள்வி வரும்.

பலர் தடுக்கி விழுகிற இடம் அடுத்தது, நிதானமாகப் படியுங்கள். கலைப் படைப்பு ஏதாவது சரக்கு அல்லது சேவைக்குப் பயன்படக்கூடியது என்றால் கட்டணம் 500 அல்ல, 2,000. அதோடு முடிவதில்லை: 'இதே போன்ற டிரேட்மார்க் எதுவும் பதிவில் இல்லை' என்று டிரேட்மார்க் பதிவாளரிடமிருந்து ஒரு சான்றும் வேண்டும். அந்தச் சான்றுக்கு டிஎம்-சி படிவம், 9,000 ரூபாய். பொன்னையாவின் முதுகு அங்கியில் உள்ள சாவித் துளைச் சின்னம் இந்த வகையில்தான் வரும். என் யோசனை இது. சின்னத்தைக் காப்பிரைட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதை டிரேட்மார்க்காகப் பதியுங்கள். காப்பிரைட் பக்கத்தில் கதை ஓவியங்களை மட்டும் கொடுங்கள்: முன், பின், பக்கவாட்டுத் தோற்றம், முகபாவங்கள், பிடி வரிசைப் படங்கள்.

பணம் கட்டியதும் டைரி எண் வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு எல்லாம் அந்த எண்ணில்தான். அதிலிருந்து 30 நாள் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று கட்டாயக் காத்திருப்பு. அதன் பிறகுதான் ஆய்வாளர் கோப்பைத் திறப்பார். குறை இருந்தால் கடிதம் வரும். பதிலுக்குக் கெடு போட்டிருப்பார்கள், தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். மின்னஞ்சலை வாரம் ஒருமுறையாவது பாருங்கள், குப்பைப் பெட்டியையும் சேர்த்து. மொத்தத்தில் அரை ஆண்டாவது ஒதுக்கி வையுங்கள். சான்றுக்காகப் புத்தக வெளியீட்டை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

புத்தகமாக வெளியிடுகிறவர்கள் ஐஎஸ்பிஎன் எண்ணையும் இதே சமயத்தில் கேட்டுவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. இதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஐஎஸ்பிஎன் உரிமைச் சான்று அல்ல, விற்பனைக்கான அடையாள எண் மட்டுமே.

5. டிரேட்மார்க் விண்ணப்பம்

படிவம் டிஎம்-ஏ. தனிநபருக்கு ஒரு குறிக்கு, ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கம்பெனி பெயரில் போட்டால் 9,000. அது சிறு நிறுவனம் என்று உத்யம் சான்று (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) காட்டினால் 4,500. தனிநபராகப் போடுகிறவருக்கு உத்யம் தேவையில்லை. அதை எடுத்தால்தான் சலுகை என்று சொல்லி அதற்கும் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வகுப்புதான் செலவைத் தீர்மானிக்கும். அச்சுக் காமிக்ஸ் 16, மின்னூலும் கேம் மென்பொருளும் 9, டி-ஷர்ட் 25, பொம்மை 28, பொழுதுபோக்குச் சேவை 41. ஐந்தையும் போட ஆசை வரும். 22,500 ரூபாய் ஆகும். இன்று விற்பதற்கும், அடுத்த ஓரிரு ஆண்டில் உறுதியாக விற்கப் போவதற்கும் மட்டும் போடுங்கள். காமிக்ஸ்காரருக்கு 16-உம் 41-உம் முதலில் போதும்.

பெயரைச் சொல்லாகப் போடுவதா, சின்னத்தோடு சேர்த்தா? காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சொல்லாகப் போடுங்கள். சின்னத்தின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும், பெயர் நிற்கும்.

தமிழ் எழுத்தில் குறியைக் கேட்கிறவர்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கொடுத்து, இது தமிழ் என்றும் குறிப்பிட வேண்டும். 2017 விதிகளில் 28-ஆம் விதி. இதை விட்டுவிட்டால் படிவத்தைச் சரிபார்க்கும் நிலையிலேயே விண்ணப்பம் நிற்கும். ஒலிபெயர்ப்பில் நீங்கள் அட்டையில் போடும் அதே ஆங்கிலக் கூட்டலைக் கொடுங்கள்.

'எப்போதிலிருந்து பயன்பாட்டில்' என்ற கட்டத்தில் பொய்த் தேதி போடாதீர்கள். முன்பே விற்றிருந்தால் தேதியோடு உறுதிமொழிப் பத்திரமும், பில், அட்டைப்படம், விழா ரசீது போன்ற சான்றுகளும் வேண்டும். இன்னும் விற்கவில்லை என்றால் 'பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டுவிடலாம், எந்தத் தவறும் இல்லை.

தளத்தில் நீங்களே போட டிஜிட்டல் கையொப்பச் சான்று எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி டோக்கனில் தருவார்கள்; விலை விற்பவரைப் பொறுத்தது. ஏஜென்ட் மூலம் போட்டால் அவருடைய கையொப்பம் போதும், உங்கள் பங்குக்கு அதிகாரப் பத்திரம். ஏஜென்டிடம் முதல் நாளே கேட்க வேண்டியது: அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு, ஆட்சேபத்துக்குப் பதில் எழுதுவது இதில் சேர்த்தியா? பிரித்துச் சொல்லாதவரிடம் போகாதீர்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை கிண்டியில் ஜிஎஸ்டி சாலையில் உள்ள பதிவகம்தான்.

6. காத்திருப்பும் கடிதங்களும்

விண்ணப்ப எண் வந்ததும் பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று சிறிதாகப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவு முடியுமுன் போடக்கூடாது. டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி அதற்கு அபராதம் உண்டு. 2024 வரை 3 ஆண்டு சிறைக்கும் இடமிருந்தது. அட்டை வடிவமைப்பவர்கள் அழகுக்காகச் சேர்த்துவிடுவார்கள். அச்சுக்குப் போகுமுன் பார்த்து எடுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு டிரேட்மார்க் பதிவகம் அனுப்பும் ஆய்வறிக்கையில் பெரும்பாலும் 9 அல்லது 11-ஆம் பிரிவு ஆட்சேபம் இருக்கும். 9 என்றால் தனித்தன்மை போதாது, 11 என்றால் வேறு குறியைப் போல இருக்கிறது. பயப்பட வேண்டாம், நிராகரிப்பு அல்ல. பதில் எழுத 30 நாள். இங்கேதான் உங்கள் பாத்திரக் கோப்பு மறுபடி வேலைக்கு வரும். 11-ஆம் பிரிவில் 'பூட்டு' என்று தொடங்கும் வேறு குறிகளைக் காட்டினால், அவை எந்தச் சரக்குக்கானவை, உங்கள் பெயர் முழுமையாக எப்படி வேறுபடுகிறது, இது ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பெயர் என்பதை இரண்டு மூன்று படங்களோடு காட்டலாம். ஏற்காவிட்டால் காணொளியில் விசாரணை. விசாரணை நாளைத் தவற விட்டுவிடாதீர்கள்.

ஏற்றுக்கொண்டதும் டிரேட்மார்க் இதழில் வெளியாகும், திங்கள்தோறும் வருகிறது. அன்றிலிருந்து 4 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். எல்லாம் சீராகப் போனாலும் ஓராண்டை எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள். எதிர்ப்பு வந்தால் அதற்குக் கணக்கே இல்லை.

இதழில் பெயர் வந்த பிறகு அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்றோடு 'பன்னாட்டுப் பதிவேட்டில் சேர்க்கக் கட்டணம்' என்று கடிதமோ மின்னஞ்சலோ வரலாம். இதழில் உள்ள முகவரிகளை எடுத்து அனுப்பும் ஏமாற்றுவேலை இது. அரசுக் கட்டணம் எதுவாக இருந்தாலும் உங்கள் கணக்கில் உள்நுழைந்து கட்டுவதுதான், வேறு வழியில் கேட்க மாட்டார்கள்.

அரசுக் கட்டணக் கூட்டல்: எழுத்துக்கு 500, ஓவியத்துக்கு 500, பெயருக்கு இரண்டு வகுப்பில் 9,000. ஆக 10,000 ரூபாய். இதோடு முத்திரைத்தாள், நோட்டரி, டிஜிட்டல் கையொப்பச் செலவு. ஒரே வகுப்பு போதுமென்றால் 5,500-இல் முடியும். கையில் 1,000 தான் இருக்கிறது என்றால் காப்பிரைட் இரண்டையும் போட்டுவிட்டு, பெயரைத் தேடிப் பார்த்து வைத்துக்கொண்டு, முதல் புத்தக விற்பனையில் டிரேட்மார்க் போடலாம். நான் பரிந்துரைக்கும் வரிசையும் அதுதான்.

7. பதிவுக்குப் பின்

டிரேட்மார்க் 10 ஆண்டு, விண்ணப்பத் தேதியிலிருந்து கணக்கு. புதுப்பிக்க டிஎம்-ஆர் படிவம், ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். முடிவதற்கு ஓராண்டு முன்பே போடலாம். தவறினால் அடுத்த 6 மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு போடலாம்.

பதிந்துவிட்டுச் சும்மா வைத்திருக்கவும் கூடாது. தொடர்ந்து 5 ஆண்டும் அதற்கு மேல் 3 மாதமும் பயன்படுத்தாவிட்டால், யாராவது கேட்டால் 47-ஆம் பிரிவில் பெயரை நீக்கிவிடலாம். வருடத்துக்கு ஒரு சிறு இதழாவது கொண்டுவாருங்கள். பில், அச்சகக் கணக்கு, புத்தகக் காட்சி அரங்க ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் போடுங்கள். 9 அல்லது 28-ஆம் வகுப்பில் கேமோ பொம்மையோ கொண்டுவரும் நாள் வந்தால், அறிவிப்பு வெளியிடுவதற்கு முந்தைய வாரமே அந்த வகுப்பில் புது டிஎம்-ஏ போட்டுவிடுங்கள்.